எண்ணூரிலும் ஒரு காடு இருக்கிறது

திருவொற்றியூரில் பள்ளியில் படித்தபோது, காடு காட்ட எங்களைக் கிண்டிக்குக் கூட்டிப்போனார்கள். பக்கத்திலேயே எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்திக் காடு இருப்பதை யாரும் சொல்லவில்லை.

கிண்டிக் காடு, வெள்ளைக்கார ஆளுநர்களின் மாளிகையைச் சுற்றியிருந்த வேட்டைக்காடு. 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. சுமார் 270 ஹெக்டேர். அது பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஆளுநர் மாளிகைக்குப் பக்கத்துக் காடு பூங்கா ஆகிறது. மீனவர்களும் இருளர்களும் வாழும் கழிமுகம் சாம்பல் கொட்டும் இடமாகிறது. ஊரின் கழிவெல்லாம் சேரிப்பக்கம் தள்ளப்படுவதைப் போல, மாநகரின் அனல்மின் நிலையங்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் வடசென்னைக்குத் தள்ளப்பட்டன.

சட்டம் இல்லாமல் இல்லை. 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அலையாத்திக் காடுகளுக்கு உச்சப் பாதுகாப்பு தந்தது. 1996-இல் மத்திய அரசு ஏற்ற வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருந்தது. ஆனால் மாநில அரசு கையில் வைத்திருந்த இன்னொரு வரைபடத்தில் அது இல்லை என்பதைச் செயற்பாட்டாளர்கள் 2017-இல் அம்பலப்படுத்தினார்கள். ஆற்றைக் காகிதத்தில் அழித்துவிட்டால், தரையில் அழிப்பது எளிது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், அலையாத்தி மரங்களில் கறுப்பாகப் படிந்தது. அதை அள்ள இறங்கியவர்களும் எண்ணூர் மீனவர்களே. அடுத்தவர் கழிவை அள்ளுவது யார் தலையில் விழும் என்பதை இந்த நாட்டில் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எண்ணூரையும் கிண்டிபோல வேலி போட்டுக் காக்கலாமா? கூடாது. இடுப்பளவு நீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களைத்தான் அந்த வேலி முதலில் வெளியே நிறுத்தும். 'காட்டைக் காப்போம்' என்ற பெயரில் பழங்குடிகளை வெளியேற்றிய வரலாறு நமக்குத் தெரியும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே அந்த அநீதியை ஒப்புக்கொண்டுதான் வந்தது. நீர்நிலைகளில் மீன் பிடிப்பதையும் அது காட்டில் வாழ்வோரின் உரிமையாகச் சொல்கிறது.

எனவே நம் கோரிக்கை இரண்டு. கழிமுகம் முழுவதையும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்க வேண்டும். அதைக் காக்கும் அதிகாரம் அங்கு வாழும் இருளர், மீனவர் கையில் இருக்க வேண்டும். முதலாவதை மட்டும் கேட்பவர்களிடம், தோழர்களே, இரண்டாவதையும் கேளுங்கள். மகாட் குளத்தில் அம்பேத்கர் 1927-இல் எழுப்பிய கேள்விதான் இது: பொதுத் தண்ணீர் யாருடையது?