“அங்கே ஒன்றுமில்லை சார்”

“ஜார்க்கண்டா? அங்கே ஒன்றுமில்லை சார். அதனால்தான் இங்கே வந்து கம்பி கட்டுகிறான்.” என் வயதுக்காரர்கள், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், இப்படிப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒன்றுமில்லையா? ஜம்ஷெட்பூரும் பொகாரோவும் எங்கே இருக்கின்றன? ஜரியா நிலக்கரி எங்கே கிடைக்கிறது? அங்கே பூமிக்கடியில் நூறு வருஷமாக நெருப்பு எரிகிறது. மேலே ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

நான் பிரெஞ்சில் படித்தவன். பூகோளப் பாடத்தில் லொரேன் பிரதேசம் வரும். இரும்புத் தாது கிடைத்த இடத்திலேயே ஆலைகளும் எழுந்தன. நம் நாட்டில் அந்த அனுகூலத்தை ஒரு கொள்கை துடைத்துப் போட்டது. 1950களில் மத்திய அரசு கொண்டுவந்த சரக்குக் கட்டணச் சமன்பாடு அது. ரயில் கூலியைச் சராசரியாக்கி விலையில் சேர்த்துவிட்டார்கள். ஜம்ஷெட்பூர் ஆலை வாசலில் பட்டறை வைத்தவனுக்கும் உருக்கு ஒரே விலை, கோயம்புத்தூர்க்காரனுக்கும் ஒரே விலை. பிறகு எந்த முதலாளி அங்கே போவான்? (ஜார்க்கண்ட் அப்போது பீகாரோடு இருந்தது, பிரிந்தது 2000ல்தான்.) 1990களின் தொடக்கம் வரை இது நடந்தது. தொழில் நாடெங்கும் பரவட்டும் என்றால் பருத்திக்கும் அதே சமன்பாடு இருந்திருக்க வேண்டுமே? இல்லை. பலன் அடைந்தவர்களில் தெற்கே இருக்கும் நாமும் உண்டு. அதை மட்டும் நம்மவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை.

ராயல்டி வருகிறதே என்பார்கள். நிலக்கரி, இரும்புத் தாது போன்றவற்றுக்கு அதன் விகிதத்தை நிர்ணயிப்பது டெல்லி. மாநிலம் அதன்மேல் வரி போடலாமா என்றால், ராயல்டியே ஒரு வரிதான், கூடாது என்று 1989ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றின்மேல் வந்த வழக்கு அது! 35 வருஷம் கழித்து, 2024 ஜூலையில், ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அந்தத் தீர்ப்பு தவறு, ராயல்டி வரியல்ல, கனிம உரிமைக்கு மாநிலம் வரி போடலாம் என்றார்கள். 2005 ஏப்ரல் முதலான பாக்கியையும் கேட்கலாம்.

குமாஸ்தாவுக்குக் கூடுதலாகப் போன நூறு ரூபாயைப் பிடிக்க அடுத்த சம்பளம் வரை பொறுக்காத ஆபீசில் வேலை பார்த்தவன் நான். இந்தப் பாக்கியைக் கட்டுவதற்கு 2026 ஏப்ரலில் தொடங்கி 12 வருஷத் தவணை. தீர்ப்புக்கு முந்திய காலத்துக்கு வட்டியும் கிடையாது, அபராதமும் கிடையாது.