பெரட்டுக்கு வராத ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, ஜாசினில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அக்கா மகள் மடிக்கணினியோடு வந்து நின்றாள்.

"மாமா, நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள இதை அப்டேட் பண்ணணும். இல்லன்னா ஆபீஸ் சிஸ்டத்துக்குள்ள விட மாட்டாங்களாம்."

கோலாலம்பூரில் உள்ள ஒரு கணக்காய்வு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். சேர்ந்து இரண்டு மாதம்தான், தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. தலைநகரில் அறை வாடகை கட்டாமல், அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே சம்பாதிக்கக் கிடைத்த வாய்ப்பு அது. முகத்தில் பயம் தெரிந்தது.

விண்டோஸ் 11 இயங்கும் கணினி, 2022-இல் வாங்கியது. அப்டேட் பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் சுற்றிச் சுற்றிப் பிழைச் செய்தியில் நின்றது. கீழே இருக்கும் தேடல் பெட்டியில் 'செர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். நீண்ட பட்டியல் ஒன்று திறந்தது. அதில் 'விண்டோஸ் அப்டேட்' வரியைத் தேடி 'ஸ்டார்ட்' கொடுத்தேன். கிளம்ப மறுத்தது. பிழை எண் 1058.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மச்சான், "1058-ன்னா என்னப்பா?" என்று கேட்டார். தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அவர் மொழியிலேயே சொன்னேன்.

"மச்சான், இது பெரட்டுப் பட்டியல் மாதிரி. சிலர் பெயருக்கு எதிரே 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கும். அவங்க விடிஞ்சதும் தானா வந்து நிப்பாங்க. சிலருக்கு 'மேனுவல்'. வேலை இருந்தா மட்டும் கூப்பிடுவாங்க. சிலருக்கு 'டிஸ்ஏபிள்ட்'. செக்ரோல்ல பெயரையே அடிச்சாச்சு. அந்த ஆளை வாசல்ல நின்னு எவ்வளவு கூப்பிட்டாலும் வேலைக்கு எடுக்க முடியாது. அதுதான் 1058."

இந்தச் சிக்கல் உங்கள் வீட்டுக் கணினியிலும் இருக்கலாம் என்பதால், நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். அலுவலகம் கொடுத்த கணினி என்றால் கை வைக்காதீர்கள். நிர்வாகமே அப்டேட்டைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கலாம், அவர்களைக் கேட்பதே முறை.

சொந்தக் கணினி என்றால், பட்டியலில் விண்டோஸ் அப்டேட் வரியை இரண்டு முறை சொடுக்குங்கள். 'ஸ்டார்ட்அப் டைப்' என்ற இடத்தில் 'டிஸ்ஏபிள்ட்' இருந்தால் 'மேனுவல்' என்று மாற்றி, 'அப்ளை' கொடுத்து, பிறகு 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். 'ஆட்டோமேட்டிக்' ஆக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்தச் சேவைக்கு இயல்பான நிலையே 'மேனுவல்'தான். வேலை வரும்போது விண்டோஸ் கூப்பிட்டுக்கொள்ளும்.

பிழை எண் 1068 என்று வந்தால் கதை வேறு. ஆள் தயார், அவரை அழைத்துப் போக வேண்டிய கங்காணி வரவில்லை என்று பொருள். அதே பட்டியலில் 'ரிமோட் புரசீஜர் கால்' என்ற சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். 'கிரிப்டோகிராஃபிக் செர்வீசஸ்', 'பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் செர்வீஸ்' ஆகிய இரண்டும் முடக்கப்படாமல் இருக்க வேண்டும். முதலாவது, வந்த கோப்பு உண்மையானதா என்று முத்திரை பார்க்கும். இரண்டாவது, கோப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவைக்கும்.

சேவை கிளம்பியும் பதிவிறக்கம் பாதியில் நின்றால், இறக்கிய கோப்புகள் கெட்டுப்போயிருக்கலாம். முதலில் செட்டிங்ஸில் சிஸ்டம், டிரபிள்ஷூட் என்று போய் விண்டோஸ் அப்டேட்டுக்கான சோதனையை ஓடவிடுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் சேவையை நிறுத்திவிட்டு, சி டிரைவில் விண்டோஸ் உறைக்குள் இருக்கும் 'சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' என்ற உறையின் பெயரை மாற்றிவிட்டுச் சேவையை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் புதிய உறையை உருவாக்கிக்கொள்ளும். உங்கள் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் ஒன்றும் ஆகாது. பழைய அப்டேட்களின் வரலாற்றுப் பட்டியல் மட்டும் மறைந்துவிடும்.

எங்களுக்கு 'மேனுவல்' ஆக்கியதும் சேவை கிளம்பியது. அக்கா தேநீர் கொண்டுவந்தார். கணினியை மூடித் திறந்து பார்த்தோம். மறுபடியும் 'டிஸ்ஏபிள்ட்'!

யாரோ உள்ளே உட்கார்ந்து பெயரை அடித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று புரிந்தது. நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்டேட்டைத் தடுப்பதற்கென்றே ஒரு சின்னச் செயலி இருந்தது.

"இதை யாரு போட்டது?" என்று கேட்டேன். அக்கா மகள் விழித்தாள். மச்சான்தான் தொண்டையைச் செருமினார்.

"நான்தாம்பா கடைக்காரர்கிட்ட சொல்லி நிறுத்தச் சொன்னேன்."

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு கைப்பேசி இணைப்பு. அதிலிருந்துதான் பிள்ளைகள் இருவருக்கும் பாடம். ஒருநாள் பழைய கணினி இரவோடிரவாக அப்டேட்டை இறக்கி, மாதத்துக்கு வாங்கிய டேட்டாவைத் தீர்த்துவிட்டது. மறுநாள் மகளுக்குத் தேர்வு. அந்தக் காலையை மச்சான் மறக்கவில்லை. அதனால்தான் புதுக் கணினி வாங்கியபோது, முதல் வேலையாக அப்டேட்டை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அது சரியான கவலை. ஆனால் இப்போது வீட்டில் வரம்பில்லா இணையம் இருக்கிறது. காரணம் போய்விட்டது, பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

பூட்டினால் என்ன நட்டம்? 2017 மே 12-ஆம் தேதி வான்னாகிரை என்ற தீநிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் மருந்து கையில் இருந்தும் பலர் போட்டுக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2008 இறுதியில் பரவிய கான்ஃபிக்கர் என்ற புழு, கணினிக்குள் புகுந்ததும் விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்திவிடும். மருந்து வரும் பாதையை முதலில் அடைக்கும் தந்திரம். ஆகவே உங்கள் வீட்டில் யாருமே நிறுத்தவில்லை, ஆனாலும் சேவை முடங்கியிருக்கிறது என்றால் அலட்சியம் வேண்டாம். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் முழுச் சோதனை ஓடவிடுங்கள்.

டேட்டா கவலை இன்னும் இருக்கும் வீடுகளுக்கு வேறு வழி உண்டு. செட்டிங்ஸில் உங்கள் வைஃபை இணைப்பைத் திறந்து 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை இயக்குங்கள். அந்த இணைப்பில் பெரும்பாலான அப்டேட்கள் தானாக இறங்காது. வேலை நெருக்கடி என்றால் அப்டேட்டைச் சில வாரம் ஒத்திவைக்கவும் பொத்தான் இருக்கிறது. பெயரை அடிக்காமல் லீவு கொடுப்பதுபோல.

இன்னும் விண்டோஸ் 10-இல் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் கணினி 11-க்கு ஏற்றதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்டேட் பழுது என்று சொல்லித் திரையில் தொலைபேசி எண் வந்தால் அழைக்காதீர்கள். உண்மையான விண்டோஸ் பிழைச் செய்தியில் தொலைபேசி எண் இருக்காது. பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் உங்கள் வங்கியை அல்லது 997-ஐ அழையுங்கள்.

அந்தச் செயலியை நீக்கினோம். சேவையை மறுபடி 'மேனுவல்' ஆக்கித் தொடங்கினோம். மூடித் திறந்தோம், இந்த முறை நிலைத்தது. பல ஆண்டு அப்டேட் இரவு முழுக்க இறங்கியது. நான் கிளம்பிவிட்டேன். மச்சான் மட்டும் நடு இரவில் இரண்டு முறை எழுந்து விழுக்காட்டைப் பார்த்தாராம்.

காலை ஏழரைக்குப் புலனத்தில் மருமகளின் செய்தி வந்தது: "உள்ள விட்டுட்டாங்க மாமா."

அதற்குக் கீழே மச்சானின் குரல் பதிவு: "தம்பி, ஆள் பெரட்டுக்கு வந்துட்டாரு!"