எருக்கு முளைச்ச வீடு அழகா?

திண்டுக்கல் மலைக்கோட்டை உச்சியில் சாமியில்லாத கோயில் ஒன்று இருக்கிறது. அய்யலூரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தம்பி தங்கைகள் அதைப் படமெடுத்து, நிறத்தை மங்கவைத்து, மேகத்தைக் கூட்டி இன்ஸ்டாவில் போடுகிறார்கள். கீழே வரிசையாக 'செம வைப்'. பார்த்தாலே எனக்கு எரிச்சல்.

அந்தக் கண் நம்முடையதில்லை. 1792-ல் திப்புவிடமிருந்து திண்டுக்கல் சீமை ஒப்பந்தப்படி கும்பினி கைக்குப் போனது. அதே வருஷம் ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து தெற்கே கிளம்பினார்கள். பீரங்கி ஓய்ந்ததும் தூரிகை வந்துவிட்டது! 1795 முதல் 1808 வரை லண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 படங்களில் மதுரை நாயக்கர் அரண்மனையின் இடிபாடும் ஒன்று.

இந்த மோகத்துக்கு இலக்கணம் எழுதியவர்களில் ஒருவர் வில்லியம் கில்பின் என்கிற பாதிரியார். டின்டர்ன் மடாலயம் இடிந்தது போதவில்லை, சுத்தியலால் இன்னும் கொஞ்சம் தட்டினால் படத்துக்கு எடுப்பாயிருக்கும் என்று 1782-ல் அச்சிலேயே சொன்னவர். செடி முளைத்த வளைவு, பொன்வெயில், அளவு காட்ட ஓரத்தில் நாலு ஆள். அவ்வளவுதான் ஃபார்முலா.

நம் ஊரில் இடிபாட்டுக்கு வேற அர்த்தம். அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் ஆட்டு விலைத் தகராறு முற்றினால் கிழவிகள் மண்ணை வாரித் தூற்றுவார்கள்: "ஒன் வீட்ல எருக்கு மொளைக்க!" அங்கே அது சாபம். லண்டன் வரவேற்பறையில் அதுவே சட்டம் போட்ட ரசனை.

'அவங்க வரையலைன்னா நமக்கு ஆவணமே ஏது?' என்பீர்கள். நியாயம். கேமரா அப்ஸ்க்யூரா வைத்துக் கோடு போட்டவர்கள், தூண் கணக்குத் தப்பாது. அந்த வானத்தை நானும் ரசித்திருக்கிறேன், பொய் சொல்லலை. என் சண்டை பென்சிலோடு இல்லை, மேலே பூசிய வண்ணத்தோடு. அது எல்லாப் பழியையும் காலத்தின் தலையில் கட்டுகிறது. மதுரையைக் காலமா முற்றுகையிட்டது? 1763-64-ல் மருதநாயகத்தைப் பிடிக்க வந்து அடித்தது நவாப்பும் கும்பினியும். அதற்கு முன்பே நாயக்கரின் பேரன் அரண்மனையைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனதாக ஊரே சொல்லும். ஆக, இடித்தவனுக்குப் பேர் இருக்கு. படத்தில்தான் இல்லை.

அடுத்த தடவை மலையேறினால் படம் எடுங்கள், வேண்டாமென்று சொல்லலை. கேப்ஷனில் மட்டும் 'இந்தச் சாமி எங்கே போச்சு?'ன்னு ஒரு வரி போடுங்க. லைக் குறையும்.