அழைப்புப் போட்டியும் அழைக்கப்படாதவர்களும்

'அழைப்புப் போட்டி' என்பது சேரிக்குப் புது விஷயமல்ல. ஏப்ரல் 14 நெருங்கினால் போதும், திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர், வியாசர்பாடி என்று ரயில் பாதையின் இரண்டு பக்கமும் இருக்கிற காலனிகளில் எங்கேயாவது ஒரு இடத்தில் அண்ணல் பெயரில் கோப்பை வைத்துப் பந்தாட்டம் நடக்கும். நோட்டீஸ் அடித்து, பத்துப் பன்னிரண்டு டீம்களைக் கூப்பிடுவார்கள். இதற்கு எழுதாத சட்டம் சில உண்டு. கூப்பிட்டவன்தான் சோறு போடணும். கூப்பிட்டவன்தான் கிரவுண்டைச் சமன் செய்து சுண்ணாம்புக் கோடு போடணும். தோத்துப் போன டீமுக்கு ரயில் சார்ஜ் இல்லையென்றால் துண்டேந்தியாவது வசூல் பண்ணிக் கொடுத்தனுப்பணும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: போட்டி முடிந்த மறுநாள் காலையில் அதே கிரவுண்டில் காலனிப் பசங்க ஆடணும். ஆடமுடியாவிட்டால் அது போட்டியல்ல, கல்யாண மண்டபக் கச்சேரி.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு வெளிநாட்டு அணிகளைக் கூப்பிட்டுக் கோப்பை நடத்தலாமா என்று யோசிக்கும்போதெல்லாம் இந்தச் சேரிச் சட்டத்தை வைத்துத்தான் அதை உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஆண்கள் அணி 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி இழந்தது. அடுத்த மாதமே டாக்காவில் பங்களாதேஷிடமும் தோற்றது. இப்படியொரு சரிவுக்குப் பிறகு 'பெரிய அணிகளைக் கூப்பிட்டு ஆடினால்தான் தரம் உயரும்' என்ற வாதம் கிளம்புவது வழக்கம். வாதம் பழசு. கணக்கைப் பார்ப்போம்.

1982-இல் கல்கத்தாவில் நேரு கோப்பை தொடங்கியது. கூட்டமைப்பே நடத்திய அழைப்புப் போட்டி. முதல் ஆண்டு உருகுவே வென்றது. அதன் பிறகு ஹங்கேரி, போலந்து, தொடர்ந்து நான்கு முறை சோவியத் யூனியன், ருமேனியா என்று வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். 1993-இல் கோப்பை சென்னைக்கு வந்தது. பெரியமேட்டில் 260 நாளில் கட்டி முடித்தோம் என்று பெருமை பேசப்பட்ட ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கத்தில் நடந்தது. வட கொரியா வென்றது. 1997-க்குப் பிறகு போட்டி பத்து ஆண்டுகள் படுத்துவிட்டது. 2007, 2009, 2012 மூன்று முறையும் டெல்லியில் நடத்தி இந்தியா வென்றது. அதோடு நேரு கோப்பை முடிந்தது. 2018-இல் 'இன்டர்கான்டினென்டல் கோப்பை' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். மும்பை, அகமதாபாத், புவனேசுவரம், ஹைதராபாத் என்று அது சுற்றியது. 2024 செப்டம்பரில் ஹைதராபாத்தில் மொரீசியசோடு கோல் இல்லாமல் டிரா, சிரியாவிடம் மூன்று கோல் வாங்கித் தோல்வி. விருந்து வைத்தவன் பட்டினி.

இதற்கு எதிராக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் கடைசியில் மத்திய ஆசிய நாடுகளின் போட்டிக்கு மலேசியா வராததால் இந்தியாவைக் கூப்பிட்டார்கள். தஜிகிஸ்தானுக்குப் போய் ஆடினோம். ஓமனைப் பெனால்டியில் தோற்கடித்து மூன்றாம் இடம் பிடித்தோம். மேடை போடாமல், வளைவு கட்டாமல், அமைச்சர் கையால் பலூன் விடாமல் கிடைத்த மூன்றாம் இடம் அது. அடுத்தவன் கிரவுண்டில் போய் ஆடக் கற்றுக்கொள்வதற்கு ஆகிற செலவு குறைவு, பலன் அதிகம். இது ரயில் ஏறிப்போய் ஆடுகிற எந்தக் காலனிப் பையனுக்கும் தெரிந்த கணக்குதான்.

அப்படியானால் யாருக்காக நடத்துகிறார்கள்? 2018 ஜூனில் மும்பையில் இந்தியா தைவானை ஐந்து கோல் அடித்து ஜெயித்தது. பார்க்க மூவாயிரம் பேர்கூட இல்லை. கேப்டன் சுனில் சேத்ரி, 'எங்களைத் திட்டுவதற்காகவாவது வாருங்கள்' என்கிற பொருளில் கெஞ்சி வீடியோ போட்ட பிறகுதான் அரங்கம் நிரம்பியது. 2025 டிசம்பர் 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கத்துக்கு மெஸ்ஸி வந்தார். ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள், அவரைச் சுற்றி நின்ற பிரமுகர்களின் முதுகைத்தான் பார்த்தார்கள். அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். நாற்காலிகள் பறந்தன. ஏற்பாட்டாளர் கைதானார். பந்து இல்லாத பந்தாட்டம் அது. உதைக்கிறவனையும் பார்க்கிறவனையும் விலக்கிவிட்டு நடுவில் பிரமுகர் நின்றுகொள்வதுதான் இந்த நாட்டின் அதிகார அழகியல். கோயிலில் சாமிக்கும் நமக்கும் நடுவில் நிற்கிறவன்தான் அரங்கத்திலும் நிற்கிறான். உடைதான் வேறு.

இனி காசுக்கு வருவோம். டெல்லி காமன்வெல்த் போட்டி 2010-இல் நடந்தது. தலித் மக்களுக்கான சிறப்புக் கூறுத் திட்ட நிதியிலிருந்து 744 கோடி ரூபாய் அந்தப் போட்டிச் செலவுகளுக்குத் திருப்பிவிடப்பட்டதை உரிமை அமைப்புகள் தகவல் அறியும் சட்டத்தைக் கொண்டு வெளியே இழுத்துப் போட்டன. நிதி திருப்பப்பட்டதை அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மாணவர் உதவித்தொகைக்கும் குடியிருப்புக்கும் போகவேண்டிய காசு, சாலை அழகுக்கும் அரங்கப் பளபளப்புக்கும் போனது. நகரத்துக் குடிசைகள் பிய்த்தெறியப்பட்டது தனிக்கதை. இப்போது 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 2036 ஒலிம்பிக்கும் வேண்டும் என்கிறார்கள். தமிழ்நாட்டில் 2024-இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குத் தனிச்சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இருக்கிறது என்று தூங்கிவிட முடியாது. வரவு செலவுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டும் வேலை நம்முடையது. ஒரு தலைப்பில் எழுதி இன்னொரு தலைப்பில் செலவழிப்பது எவ்வளவு சுலபம் என்பது லெட்ஜர் எழுதிப் பிழைக்கிற எனக்குத் தெரியும்.

2022 அக்டோபரில் புவனேசுவரத்தில் நடந்ததை மறக்கவே கூடாது. 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை. இந்திய அணியின் கேப்டன் அஷ்டம் ஓராவ், ஜார்க்கண்ட் கும்லா மாவட்டத்துப் பழங்குடிப் பெண். அவரைப் பெருமைப்படுத்த அவர் ஊருக்குச் சாலை போட்டது நிர்வாகம். மகள் ஆடுவதைப் பார்க்க வீட்டில் டி.வி. வைத்தார்கள். சரி. அந்தச் சாலையில் நாளைக்கு 250 ரூபாய் கூலிக்கு மண் சுமந்தவர்கள் யார் தெரியுமா? அஷ்டத்தின் அப்பாவும் அம்மாவும். மகள் பெயரில் சாலை, பெற்றவர்கள் தலையில் சட்டி. அந்த அணி அமெரிக்காவிடம் எட்டு, மொராக்கோவிடம் மூன்று, பிரேசிலிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்றது. 'தேசத்துக்குத் தலைகுனிவு' என்று எழுதினார்கள். தலைகுனிய வேண்டியது பதினேழு வயதுப் பிள்ளையா? அவள் பெற்றோரின் தலையில் மண்சட்டியை ஏற்றிவிட்டு அரங்கத்துக்கு வண்ண விளக்குப் போட்ட தேசமா?

'விளையாட்டில் சாதி இல்லை' என்பார்கள் சிலர். 2021-இல் டோக்கியோவில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றதும் ஹரித்வார் பக்கத்தில் வந்தனா கட்டாரியா வீட்டு வாசலில் வெடி வெடித்து, சாதி சொல்லித் திட்டி ஆட்டம் போட்டார்களே, அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள்? ஜெயித்தால் இந்தியன், தோற்றால் சாதி. இந்த ரெஃப்ரியின் விசில் எப்போதும் நம் பக்கம்தான் ஊதும்.

இதெல்லாம் சொன்னால் நம் தோழர்களிலேயே சிலர், 'ஆகவே இது முதலாளித்துவக் கேளிக்கை, புறக்கணிப்போம்' என்று முடித்துவிடுகிறார்கள். நான் உடன்படவில்லை. நிலம், கூலி, வன்கொடுமை என்று எத்தனையோ இருக்கப் பந்து எதுக்கு என்று கேட்கிற தோழர் ஒருநாள் சாயந்திரம் வியாசர்பாடிக்குப் போய் நிற்கட்டும். ஆலை, ரயில்வே, துறைமுகம் என்று உழைக்கப் போன மக்கள் வடசென்னையில் வளர்த்த ஆட்டம் இது. மட்டை வேண்டாம், பேடு வேண்டாம், வெள்ளை உடை வேண்டாம். ஒரு பந்து, இருபத்திரண்டு பேர். தொடாதே என்று சொல்லும் சமூகத்தில் தோளோடு தோள் இடித்து ஆடுகிற ஆட்டம். உடம்பைக் கேவலம் என்று சொல்லிக்கொடுத்த பார்ப்பனியத்துக்கு எதிராக உடம்பைக் கொண்டாடுகிற ஆட்டம். இதை விட்டுக்கொடுத்துவிட்டு வேறு என்ன பண்பாட்டு அரசியல் பேசப் போகிறோம்?

தவிர, இது சோற்றுப் பிரச்சனையும்கூட. ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை என்று சென்னை லீக்கில் ஆடிய நிறுவன அணிகள் பந்து உதைத்த பையன்களுக்கு நிரந்தர வேலை கொடுத்தன. கேஷ் கவுண்ட்டரில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்தவர் அப்படி வந்தவர்தான். அவர் வீட்டில் முதல் மாதச் சம்பளம் கண்ட முதல் ஆள் அவர். இன்று பொதுத்துறையில் எழுத்தர் பணியிடங்களே சுருங்குகின்றன, கடைநிலை வேலைகள் காண்ட்ராக்டுக்குப் போய்விட்டன. ஒப்பந்தக் கூலிக்கு ஏது விளையாட்டு ஒதுக்கீடு? தமிழக அரசு வேலையில் 3 சதவீதம் என்கிறார்கள், நல்லது. ஆனால் அந்தச் சான்றிதழை வாங்குவதற்கு முன்னால் ஆட ஒரு இடம் வேணுமே.

இடம். அங்கேதான் எல்லாம் வந்து முட்டுகிறது. மைதானம் என்பது விளையாட்டுப் பிரச்சனை அல்ல, நிலப் பிரச்சனை. எங்கள் ஊர் பூசலார் கதை எல்லோருக்கும் தெரியும். கையில் காசில்லாத பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் கல்லால் கோயில் கட்டிய அரசனின் கனவில் சிவன் வந்து, 'நாளை நான் திருநின்றவூருக்குப் போகிறேன்' என்று சொன்னாராம். அரசன் தேடிக்கொண்டு வந்து பூசலார் காலில் விழுந்தான். பூசலார் அந்தணர், ஆகவே அவர் மனக்கோயிலுக்குச் சாட்சி சொல்லக் கடவுள் வந்தார், அரசனும் வந்தான். எங்க பசங்களும் மனசுக்குள்ளேதான் மைதானம் கட்டிக்கிட்டு இருக்காங்க. அதைத் தேடிக்கொண்டு ஒரு சர்வேயர்கூட வந்தபாடில்லை. ஏரிக்கரை மேடு, மனை விற்காமல் கிடக்கிற பிளாட், ரயில்வே ஓரம், இவைதான் கிரவுண்டு. வேலி போடுகிற அன்று ஆட்டம் முடிந்தது. பூந்தமல்லி, ஆவடிப் பக்கமெல்லாம் வலை கட்டிப் பச்சைக் கம்பளம் விரித்த 'டர்ஃப்' வந்திருக்கிறது. மணிக்கணக்கில் வாடகை. ஐ.டி. கம்பெனிக்காரர் ஆடலாம். காலனிப் பையன் வலைக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடலாம்.

இந்த மண்ணில் நமக்கு நிலமே இல்லையா? செங்கற்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நாம் சொல்லிவரும் கணக்கு. திருநின்றவூரும் அன்று அந்தச் செங்கற்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த நிலத்தை மீட்கப் போய்த்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பஞ்சமி நிலத்தைக் கேட்கிறபோது வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமல்ல, நம் பிள்ளைகளின் கால்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

ஆகவே அழைப்புப் போட்டி நடக்கட்டும். நம் சட்டப்படி நடக்கட்டும். ஒன்று, போட்டிக்கு ஆகும் வரவு செலவைக் கூட்டமைப்பும் மாநில அரசும் முன்கூட்டியே வெளியிட வேண்டும். தலித், பழங்குடி நிதியிலிருந்து ஒரு பைசாவும் தொடக்கூடாது. இரண்டு, எந்த மாவட்டத்தில் கோப்பை நடக்கிறதோ அந்த மாவட்டத்துக் காலனிகளுக்கு வேலியில்லாத, வாடகையில்லாத மைதானங்களை, பட்டா எண்ணோடு, போட்டிக்கு முன்பே ஒதுக்க வேண்டும். மூன்று, அரங்கத்துக்காக ஒரு குடிசையும் நகரக்கூடாது. நான்கு, பெண்கள் அணிக்கும் அதே கோப்பை, அதே பணம். 2018-லும் 2023-லும் தேசியச் சாம்பியன் ஆனவர்கள் தமிழ்நாட்டுப் பெண்கள்தான், ஆண்கள் அல்ல. ஐந்து, பொதுத்துறை நிறுவன அணிகளை மறுபடி கட்டி நிரந்தர வேலை கொடுக்க வேண்டும்.

2022 செப்டம்பரில் கூட்டமைப்புத் தலைவர் தேர்தலில் பாய்ச்சுங் பூட்டியாவுக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. எதிரே கல்யாண் சௌபேக்கு 33. ஓட்டுப் போட்டவர்கள் மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள். அந்தச் சங்கங்களில் சேரியின் ஆள் எத்தனை பேர்? மாவட்டச் சங்கத்தில் எத்தனை பேர்? மாணவத் தோழர்கள் அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம். மாவட்டம் மாவட்டமாகப் பெயர்ப்பட்டியலைக் கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் விளையாட்டுத் திடல் என்று பதிவாகியிருக்கிற சர்வே எண்களைக் கேளுங்கள். அந்த எண்ணில் இன்று நிற்கிற கட்டடம் யாருடையது என்று கேளுங்கள்.

வெளிநாட்டு அணிகளைக் கூப்பிடுகிறவர்கள் உள்ளூர்ச் சேரிக்கும் ஒரு அழைப்பு அனுப்பட்டும். கேலரி டிக்கெட் எங்களுக்கு வேண்டாம். கிரவுண்டு வேணும்.