மச்சான் கடையில் மெஷின்

1972-ல் நடந்தது. அமெரிக்காவில், கலிஃபோர்னியா பக்கம் சன்னிவேல் என்ற ஊரில் ஒரு சாதாரண பார். அங்கே 'பாங்' என்ற வீடியோ கேம் மெஷினை வைத்தார்கள். டி.வி. திரையில் இரண்டு கோடு, ஒரு புள்ளி. காசைப் போட்டுவிட்டுப் புள்ளியைத் தட்டித் தட்டி ஆடவேண்டும், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் மெஷின் படுத்துவிட்டது என்று போன். அதைச் செய்த இன்ஜினியர் ஆல் ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால், ரிப்பேர் ஒன்றும் இல்லை. காசு ரொம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது!

இந்தக் கதையை யாரோ என் ஆபீஸ் நண்பரிடம் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். (நான் இல்லை.) நண்பருக்கு மச்சான் ஒருத்தர் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கிறார்.

"ரெண்டு மெஷின் வாங்கி அங்க போட்டுட்டா போதும் ஸார். நாம பாட்டுக்கு ஃபைல் பாத்துட்டு இருக்கலாம். அது பாட்டுக்கு சம்பாதிக்கும்."

முதலீடு? சம்சாரத்தின் வளையல்கள். சம்சாரத்திடம் இன்னும் சொல்லவில்லை.

கேன்டீனில் பேப்பர், பேனா எடுத்தார். ஒரு ஆட்டம் 10 ரூபாய், 3 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 ஆட்டம், 200 ரூபாய். கடை 10 மணி நேரம் திறந்திருக்கும். ஒரு மெஷினுக்கு 2,000! நண்பர் முகத்தில் அப்போதே முதலாளி களை வந்துவிட்டது.

நான் கேட்டது ஒரே கேள்வி. பஃப்ஸ் தின்ன வருகிறவனுக்கு ஒரு கையில் பஃப்ஸ், ஒரு கையில் டீ. ஆடுவதற்கு மூணாவது கை எங்கே? ஐந்து நிமிஷத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவானே! மனுஷன் சும்மா காத்துக்கிடக்கிற இடத்தில்தான் மெஷினுக்குச் சோறு. ஞாயிற்றுக்கிழமை காலை சலூனைப் பாருங்கள், அது இடம். பேக்கரியில் நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஓடினால் பெரிசு. 2,000 அங்கேயே 400 ஆகிவிட்டது. கரண்ட் பில் தனி.

அமெரிக்காவில் சின்னக் கடைக்காரர்கள் பெரும்பாலும் மெஷினை வாங்குவதே இல்லை. 'ஆபரேட்டர்' என்று ஒருத்தர் கொண்டுவந்து வைப்பார். கடைக்காரர் இடமும் கரண்டும் தருவார். வசூலில் பொதுவாக ஆளுக்குப் பாதி. ரிப்பேர் ஆபரேட்டர் தலையில். பையன்களுக்கு ஆட்டம் சலித்துப்போனால், வேறு கடைக்குத் தூக்கிப் போய்விடுவார். சொந்தமாக வாங்கினவர்? அதன்மேல் பன் டிரே அடுக்க வேண்டியதுதான்.

நம் ஊரில் இன்னொரு கூத்து. மெஷின், காசை அளவும் எடையும் பார்த்துத்தான் விழுங்கும். நம் ஒரு ரூபாயோ, 1992-ல் வந்தது 25 மில்லிமீட்டர். 2011-ல் வந்தது 22. ரெண்டும் செல்லும், ஆனால் அதை மெஷினுக்கு யார் சொல்வது? அதனால் டோக்கன். டோக்கன் கொடுக்கக் கல்லாவில் ஒரு ஆள். 'அது பாட்டுக்கு' சம்பாதிப்பது போயே போச்சு!

மச்சான் கவலை வேறு. "ஸ்கூல் பசங்க அப்பா அம்மா குடுத்த சாப்பாட்டுக் காசை இதுல போட்டா, நாளைக்கு என் கடைக்கு யார் மாப்ளே பன்னு வாங்க வருவா?" என்றாராம்.

படிக்காத மனுஷன் பயந்த இதே விஷயத்துக்குத்தான் 1942-ல் நியூயார்க் மேயர் லாகார்டியா பொங்கி எழுந்தார். கடைகளில் இருந்த பின்பால் மெஷின்களைப் பறிமுதல் செய்து, தானே சம்மட்டி எடுத்து உடைத்தார். சூதாட்டம், பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக் காசைப் பிடுங்குகிறது என்பது அவர் கட்சி. தடை 1976 வரை நீடித்தது. கடைசியில் ஒருத்தர் அதிகாரிகள் முன்னால் ஆடிக் காட்டி, இது அதிர்ஷ்டம் இல்லை, கைத்திறமை என்று நிரூபித்த பிறகுதான் விட்டார்கள்.

நண்பர் இப்போது பாதிப் பங்குக்கு மெஷின் வைக்கிற ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார். வளையல்கள் பீரோவில் பத்திரம். மச்சான் மட்டும் முன்ஜாக்கிரதையாக போர்டு எழுதி மாட்டிவிட்டார்: 'யூனிஃபார்மில் வருபவர்களுக்கு டோக்கன் கிடையாது.'

மெஷின் வந்தபாடில்லை. போர்டைப் பார்த்துவிட்டுத் தினமும் பத்துப் பேர் "எப்பண்ணே வரும்?" என்று விசாரித்துவிட்டுப் போகிறார்களாம், யூனிஃபார்மோடு.