மேஸ்திரியை மாற்றினால் மில் உருப்படுமா? – கால்பந்துக் குத்தகைக்காரர்களுக்குப் பதில்

2025 அக்டோபர் 14-ந் தேதி கோவாவில் மட்கான் மைதானத்தில் இந்தியக் கால்பந்து கோஷ்டி சிங்கப்பூரிடம் 2-1 என்ற கோல் கணக்கில் தோற்றது. 2027-ம் ஆண்டு ஆசியக் கோப்பைப் போட்டியில் ஆடும் வாய்ப்பும் அத்துடன் பறிபோயிற்று. தமிழ்நாட்டு ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஊர் சிங்கப்பூர்!

மறுநாள் காலை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் டீக்கடையில் இதே பேச்சுத்தான். ஒரகடம் கம்பெனியில் இரவு ஷிப்டு முடித்து வந்த நெசவாளி வீட்டுப் பையன் கொதித்துக் கொண்டிருந்தான். “கோச்சைத் துரத்தினால்தான் தோழர் கோஷ்டி உருப்படும்” என்றான். பக்கத்தில் பட்டுக்கடைக்காரர் ஒருவர், “அதெல்லாம் இல்லை தம்பி, பெரிய முதலாளிகள் கையை விரித்து விட்டார்கள். அவர்கள் காலில் விழுந்தாவது திரும்பக் கூப்பிட வேண்டும். பணமில்லாமல் பந்து உருளுமா?” என்றார். நம் சங்கத் தோழர் ஒருவரோ, “நமக்கெதற்கு இந்தப் பேச்சு? கூலி உயர்வைப் பார்ப்போம்” என்று முகத்தைத் திருப்பிக் கொண்டார்.

மூன்று பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றும் காஞ்சிபுரம் டீக்கடையோடு நின்றுவிடும் கேள்விகள் அல்ல.

மேஸ்திரிகள் வந்தார்கள், போனார்கள்

முதலில் பையனுக்கு.

ஒரு மில்லில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. பஞ்சு மட்டம், மெஷின் பழசு, ஆள் குறைப்பு. முதலாளி பஞ்சை மாற்றுவதில்லை, மெஷினை மாற்றுவதில்லை. மேஸ்திரியை மாற்றுகிறான். அடுத்த மாதமும் நூல் அறுகிறது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் செய்துவருவது இதைத்தான்.

2019-ல் குரோஷியா நாட்டு ஸ்டிமாச் வந்தார். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் இந்தியா மூன்று பந்தயங்களிலும் தோற்றது. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஜூன் மாதம் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியிலிருந்தும் வெளியேறியது. அவரை நீக்கினார்கள். ஒப்பந்தம் பாக்கியிருக்க நீக்கியதால் 4 லட்சம் டாலர், அதாவது மூன்று கோடி ரூபாய்க்கு மேல், கொடுத்துக் கணக்குத் தீர்த்தார்கள். அடுத்து ஸ்பெயின் நாட்டு மார்க்வெஸ். ஒரே ஆள், ஒரே சமயத்தில் கோவா கிளப்புக்கும் கோச், தேசீய கோஷ்டிக்கும் கோச்! எட்டுப் பந்தயங்களில் ஒரே ஒரு வெற்றி. 2025 ஜூலையில் அவரும் போனார். ஆகஸ்டில் காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். நம் நாட்டவர், உழைப்பாளி. அடுத்த மாதமே மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் மூன்றாம் இடம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோல்வி, நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் தோல்வி. மூன்று கோச்சுகளுக்கும் மூன்று விதமான திறமை. கிடைத்த பலன் ஒன்றே.

2024 ஜூனில் ஓய்வுபெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், திரும்ப அழைத்தார்கள். வந்து ஆடியது அந்த வீரரின் பெருமை. அவர் இடத்துக்கு ஒரு இளைஞனைத் தயார் செய்யாதது நிர்வாகத்தின் வெட்கக்கேடு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆட்டக்காரர்களுக்கு உற்சாகமூட்ட என்று சுமார் 16 லட்சம் ரூபாயில் ஜோசியக் கம்பெனி ஒன்றை சம்மேளனம் அமர்த்தியதாக 2022-ல் பத்திரிகைகளில் வெளிவந்தது. காஞ்சிபுரத்தில் கோயிலுக்கும் குறைவில்லை, ஜோசியருக்கும் குறைவில்லை. ஆனாலும் பாவு சிக்கிக்கொண்டால் எந்த நெசவாளியும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. குனிந்து உட்கார்ந்து சிக்கை எடுக்கிறான்.

சிக்கு எங்கே இருக்கிறது?

வென்ற காலத்தில் ஆடியவர்கள் யார்?

இந்தியா என்றுமே தோற்ற நாடல்ல. 1951-ல் டில்லியிலும் 1962-ல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கம் வென்றோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி நான்காம் இடம் பெற்றோம். அந்தக் கோஷ்டிகளைத் தயார் செய்த சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். கூட்டமோ மாளிகையோ அவருக்குக் கிடையாது.

ஆட்டக்காரர்கள் யார்? கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் மதறாஸ் ரெஜிமெண்டில் சிப்பாய். முன்வரிசையில் ஆடிய பி.கே.பானர்ஜி கிழக்கு ரயில்வே ஊழியர். பெரிய கிளப்புகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளி 1958-ல் கல்கத்தா லீகை வென்றது அந்த ரயில்வே கோஷ்டி. துளசிதாஸ் பலராம் செகந்திராபாத் பக்கத்தில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இவர்களெல்லாம் ரயில்வேயிலும் பட்டாளத்திலும் போலீசிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடினார்கள். கால் ஒடிந்தால் அடுப்பு அணையாது என்ற நிம்மதி இருந்தது.

சென்னையில் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கும் இந்தியன் வங்கிக்கும் கால்பந்து கோஷ்டிகள் இருந்தன. இந்தியன் வங்கி தேசீய லீகிலேயே ஆடியது. 1996-97-ல் அந்த லீக் முதன்முதலாகத் துவங்கியபோது பட்டம் வென்றது எது தெரியுமா? பஞ்சாப் மாநிலம் பக்வாராவின் ஜே.சி.டி. என்ற துணிமில் கோஷ்டி! மில் தொழிலாளர் ஊரிலிருந்து தேசத்தின் முதல் சாம்பியன் வந்தது. 2011-ல் அந்தக் கோஷ்டியை முதலாளிகள் கலைத்து விட்டார்கள். விளம்பரம் போதவில்லையாம்.

பொதுத்துறையில் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள், கோஷ்டிகள் மெலிந்தன. ‘தாராளமயம்’ என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். யாருக்குத் தாராளம்?

உள்குத்தகை முறை

2010 டிசம்பரில் சம்மேளனம் கால்பந்தின் வியாபார உரிமை முழுவதையும் ரிலையன்ஸ் கூட்டுக் கம்பெனியிடம் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு ஒப்படைத்தது. விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலம் ஊர்ப் பொது. நாட்டாண்மைக்காரர் அதைப் பெரிய குத்தகைதாரனுக்கு விட்டார். அவன் துண்டு துண்டாக உள்குத்தகைக்கு விட்டான். உழுகிறவன் கூலிக்கு நின்றான்.

2014-ல் பிறந்த ‘இந்தியன் சூப்பர் லீக்’ இதுதான். நட்சத்திரங்களும் கோடீஸ்வரர்களும் கிளப் வாங்கினார்கள். கடைசி இடத்துக்கு வந்தாலும் அவர்கள் கிளப் கீழே இறங்கவில்லை. 2024-25 வரை ஒரு கிளப்பும் இறக்கப்படவில்லை. கீழேயிருப்பவன் கதி என்ன? 2019 மார்ச்சில் நம் சென்னை சிட்டி கிளப் கோயம்புத்தூர் மைதானத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. மேலே ஏற வழியில்லை, கதவு சாத்தியிருந்தது. சில ஆண்டுகளுக்குள் தேசீய லீகிலிருந்தே அந்தக் கிளப் மறைந்தது. தோற்றாலும் பணக்காரனுக்கு இடம் இருந்தது, வென்றாலும் மற்றவனுக்கு இடமில்லாமல் போயிற்று. இதற்குப் பெயர் போட்டியா?

நாட்டாண்மையும் யார் கையில் இருந்தது? 1988 முதல் 2008 வரை காங்கிரஸ் தலைவர் தாஸ்முன்ஷி. பிறகு 2022 வரை பிரஃபுல் படேல். பதவிக் காலம் முடிந்தும் தேர்தல் நடத்தாமல் நாற்காலியில் ஒட்டிக்கொண்டவரை சுப்ரீம் கோர்ட் இறக்க வேண்டி வந்தது. அந்தக் குளறுபடியில் 2022 ஆகஸ்டில் சர்வதேசச் சம்மேளனம் இந்தியாவைத் தடை செய்தது. ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போய்விட்ட கோகுலம் கேரளா பெண்கள் கோஷ்டி ஒரு பந்தயம்கூட ஆடாமல் திரும்பியது. பிறகு நடந்த தேர்தலில் பாரதீய ஜனதாக் கட்சியின் கல்யாண் சௌபே 33 ஓட்டுகள் பெற்றார். தேசீய கோஷ்டியின் முன்னாள் காப்டன் பூட்டியாவுக்குக் கிடைத்தது 1 ஓட்டு!

முதலாளி ஓடினான், பந்து எங்கே?

இனி பட்டுக்கடைக்காரருக்குப் பதில்.

குத்தகை 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிக்கும் பேச்சு இழுபட்டது. ஜூலை மாதம் குத்தகைக் கம்பெனி லீகை நிறுத்தி வைத்தது. அடுத்து என்ன நடந்தது? விளைச்சல் குறைந்தால் முதலில் யார் படி நிற்கும்? ஆகஸ்டில் பெங்களூர் கிளப் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் கிளப்பும் வேலைகளை முடக்கியது. சம்மேளனம் விட்ட புது டெண்டரைக் கேட்க நவம்பரில் கெடு முடியும்வரை ஒருவர்கூட வரவில்லை. பதினைந்து ஆண்டு விளம்பரம் பிழிந்தவர்கள் சக்கையைப் போட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் 2026 ஜனவரியில், பிப்ரவரி 14-ல் லீக் துவங்கும் என்று மத்திய சர்க்கார் மந்திரி வந்து அறிவிக்க வேண்டியதாயிற்று. லாபம் வரும்போது தனியார், நஷ்டம் வந்தால் சர்க்கார்!

காஞ்சிபுரத்தில் இது புதுக் கதையா? மாஸ்டர் வீவர் ஆர்டர் கொடுக்கும்வரை தறி ஆடும். மார்க்கெட் மந்தமானால் அவர் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போவார். கூலி நெசவாளி பட்டினிக்குப் போவான். அந்த அனுபவத்திலிருந்துதான் நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். அதிலும் ஊழல் நுழைந்தது, அதையும் எதிர்த்துப் போராடுகிறோம். ஆனால் ஊழல் இருக்கிறது என்பதற்காக மாஸ்டர் வீவர் காலில் போய் விழுவோம் என்று எந்த நெசவாளியும் சொல்வதில்லை.

முதலாளி இல்லாமல் கால்பந்து இல்லையாம்! இன்று உலகம் முழுதும் பெயர் சொல்லும் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பை 1878-ல் துவக்கியவர்கள் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள். ஆர்சனலை 1886-ல் துவக்கியவர்கள் லண்டன் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். முதலாளி பின்னால் வந்து விலைக்கு வாங்கினான், அவ்வளவுதான். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே கால்பந்து அழிந்துவிட்டதா?

நம் மாவட்டத்துக் கதையையும் கேளுங்கள். சாம்சங் கம்பெனி 2005 முதல் 2015 வரை லண்டன் செல்சீ கிளப் ஆட்டக்காரர்களின் மார்பில் தன் பெயரை எழுதிக்கொள்ளப் பணத்தை வாரி இறைத்தது. அதே கம்பெனியின் சுங்குவார்சத்திரம் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தின் பெயரைப் பதிவு செய்ய 2024 செப்டம்பர், அக்டோபரில் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. முதலாளியின் விளையாட்டுப் பிரேமை இவ்வளவுதான்!

‘நமக்கெதற்கு?’ என்ற தோழருக்கு

தோழரே, கூலிப் போராட்டம் வேறு, பந்து வேறு என்று நினைக்கிறீர்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமைப் பந்தயம் எப்படி வந்தது? 1850-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பஞ்சாலை வேலையை நிறுத்த வைத்தது. தொழிலாளர்கள் நெடுங்காலம் போராடிப் பெற்ற ஓய்வு அது. அந்தப் பிற்பகலில்தான் கால்பந்து வளர்ந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபை 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன; மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டது. அது சட்டமாகியிருந்தால் நம் ஒரகடத்துப் பையன் பந்தைத் தொடும் நேரம் எது? எட்டு மணி நேர வேலை என்று கோஷமிடுகிறோமே, மீதி நேரம் எதற்கு? வாழ்வதற்குத்தானே!

இதில் நமக்கும் குற்றம் உண்டு. கிராமங்களில் இளைஞர்கள் மைதானம் கேட்டு நம்மிடம் வந்தபோது, ‘இது விளையாட்டுப் பிள்ளைகள் வேலை’ என்று நாமே தட்டிக் கழித்திருக்கிறோம். நானும் கழித்திருக்கிறேன். அந்த இடத்தில் ஜாதிச் சங்கக்காரன் பனியனும் பந்தும் வாங்கிக் கொடுத்துப் பையன்களை அழைத்துக்கொண்டு போனான்.

ரசிகர்களை வெறும் வேடிக்கைக் கூட்டம் என்று தள்ளிவிடவும் கூடாது. 1911-ல் வெள்ளைக்காரப் பட்டாளக் கோஷ்டியைத் தோற்கடித்த மோகன் பகான் கிளப்பில் 2020-ல் கோயங்கா கம்பெனி 80 சதவீதப் பங்கு வாங்கி, பெயருக்கு முன்னால் தன் பழைய கோஷ்டியின் பெயரை ஒட்டியது. ரசிகர்கள் விடவில்லை. மூன்றாண்டு எதிர்ப்புக்குப் பிறகு 2023-ல் அந்த ஒட்டை எடுக்க வைத்தார்கள். 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரி டாக்டர் பெண்ணின் படுகொலைக்கு நீதி கேட்டு, பரம்பரை வைரிகளான மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் தோளோடு தோள் சேர்ந்து தெருவில் நின்றார்கள். போலீஸ் தடியடியும் அவர்களைப் பிரிக்கவில்லை.

நாம் கேட்பது என்ன?

பஞ்சாயத்துக்கு ஒரு மைதானம் வேண்டும். அதை ஏலத்துக்கும் கல்யாணப் பந்தலுக்கும் விடக்கூடாது. பள்ளிக்கூடந்தோறும் உடற்பயிற்சி ஆசிரியர் வேண்டும். ரயில்வே, வங்கி, மின்சார வாரியம் முதலிய பொதுத்துறைகள் ஆட்டக்காரர்களை நிரந்தர வேலையில் எடுக்க வேண்டும். கடலூர் மாவட்டத்துப் பெண் இந்துமதி கதிரேசன் போலீஸ் உத்தியோகத்தில் இருந்துகொண்டே தேசீய கோஷ்டிக்கு ஆடினார். ஆண்கள் கோஷ்டி தவித்த அதே 2025-ல், ஜூலை மாதம், பெண்கள் கோஷ்டி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அவர்களுக்குச் சம சம்பளமும் சம வசதியும் வேண்டும். வென்றவன் ஏறவும் தோற்றவன் இறங்கவும் லீகில் விதி வேண்டும். கிளப்பில் ரசிகனுக்கும், சம்மேளனத்தில் ஆட்டக்காரனுக்கும் ஓட்டு வேண்டும்.

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோர்வை போட்டு இணைக்கிறோம். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது. தேசீய கோஷ்டியையும் தெருப் பையனையும் இணைக்கும் கோர்வையைக் குத்தகைக்காரர்கள் அறுத்துவிட்டார்கள். அறுந்த இடத்தில் எந்த ஊர்க் கோச்சைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் சேலை ஆகாது.

ஒரகடத்துத் தம்பி! உன் கோபம் நியாயமானது. அதைக் கோச்சின் மேல் கொட்டி வீணாக்காதே. உன் தெருவில் பந்து உதைக்கும் பையன்களைச் சேர்த்துக்கொள். மாநகராட்சி வாசலுக்கு மைதானம் கேட்டுப் போவோம், வா. அந்தத் தோழரும் வருவார். நானும் வருகிறேன்.