காற்றுப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்

ரொறன்ரோவின் கிழக்கிலும் வடக்கிலும் அண்மைக் காலத்தில் எழுந்த புதிய வீடுகளில் குடியேறியிருக்கும் நம்மவர்களுள், வட்டி வீதத்தையும் பக்கத்து வீடு போன விலையையும் விரல் நுனியில் வைத்திருப்போர் பலர் உளர்; ஆயினும், அதே வீட்டின் நிலக்கீழ் அறையில், ஃபர்னஸுக்கு அருகே, நான்கு தடித்த குழாய்களைச் சுமந்துகொண்டு மெல்ல முனகியபடி தொங்கும் தகரப் பெட்டி யாது காரியம் செய்கிறது என்று வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலரே. ஈ.ஆர்.வி. என்ற மூன்றெழுத்துப் பெயருடைய அந்த யந்திரத்தை, மின்சாரத்தை வீணே தின்னும் பிராணி என்று கருதி, குடிபுகுந்த மாதமே அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்ட குடும்பங்கள் எனக்குத் தெரிந்து மூன்று உண்டு. எங்கள் குடும்பம் அவ்வளவு தூரம் போகவில்லை. அதை ஓடவிட்டோம்; ஆனால் இரண்டு வருஷம் எட்டிப் பார்க்கவேயில்லை.

இரண்டாவது தை மாதத்தில் யன்னல்கள் அழத் தொடங்கின. காலையில் கண்ணாடியின் அடிவிளிம்பில் தேங்கி நின்ற நீரைத் துணியால் ஒற்றி எடுப்பது நித்திய கர்மமாயிற்று. மூலைகளில் கறுப்புப் பூஞ்சணம் புள்ளி புள்ளியாகத் தோன்றியது. ஞாயிறன்று வைத்த மீன்குழம்பின் வாசனை, திங்களன்று என் குளிர்ச்சட்டையோடு காரியாலயத்துக்கும் வந்து சேர்ந்தது. நான் யன்னலில்தான் தோஷம் என்று தீர்மானித்து, வீடு கட்டி விற்ற நிறுவனத்துக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். பகல் முழுவதும் வீட்டிலிருக்கும் அம்மாவோ, "காத்து அடைச்சுப்போய்க் கிடக்கு, தம்பி" என்று சொல்லிவிட்டு, வெளியே உறைபனி கொட்டிக்கொண்டிருக்கையில் குசினி யன்னலைத் திறந்து வைத்தார். அவரைக் கடிந்துகொண்டேன். நோயை அறிந்தவர் அவர் ஒருவரே என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது.

அடைபட்ட காற்றை மாற்றவேண்டிய அந்த ஈ.ஆர்.வி. பெட்டி ஏன் வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1973இல் எண்ணெய் விலை ஏறியபின், குளிர் தேசங்களில் வெப்பம் ஒழுகாத வீடுகளைக் கட்டும் முயற்சி தீவிரமடைந்தது. கனடாவின் ரெஜைனா நகரில் 1977இல் அமைந்த சஸ்காச்சுவான் சிக்கன வீடு அவற்றுள் பிரசித்தமானது. இடுக்குகளையெல்லாம் அடைத்து வெப்பத்தைச் சிறைப்பிடித்தவர்கள், கூடவே அசுத்தக் காற்றையும் சிறைப்பிடித்துவிட்டதை உணர்ந்து, வெளியேறும் காற்றின் உஷ்ணத்தை உள்ளே வரும் காற்றுக்குக் கைமாற்றும் கருவியொன்றையும் அவ்வீட்டில் பொருத்தினார்கள். நம் நிலக்கீழ் அறையில் தொங்குவது அதன் வம்சமே. மெல்லிய தாள் போன்ற அடுக்குகளின் ஒருபுறம் பழைய காற்றும் மறுபுறம் புதிய காற்றும், ஒன்றோடொன்று கலவாமல் கடந்து செல்கையில், உஷ்ணம் மட்டுமன்றி ஈரத்தின் ஒரு பகுதியும் இடம் மாறுகிறது. ஈரத்தை விட்டு உஷ்ணத்தை மட்டும் மாற்றுவது எச்.ஆர்.வி. எனப்படும் அதன் உடன்பிறப்பு. இவ்வளவையும் செய்யும் இரு விசிறிகள் உண்ணும் மின்சாரம், பல மாதிரிகளில், பழைய காலத்துக் குண்டு மின்குமிழ் ஒன்றோ இரண்டோ உண்ணும் அளவுதான்.

எங்கள் பெட்டியைப் பார்க்க, வருகைக் கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொண்டு வந்த தொழிலாளி, வந்ததும் பெட்டியைத் தொடவில்லை. வெளியே போய், காற்று உள்ளிழுக்கும் துவாரத்தை முதலில் பார்த்தார். அதன் வலைக்கம்பியில், ஆனி மாதத்தில் பொப்லார் மரங்கள் பறக்கவிட்ட பஞ்சு, ஒரு சிறு மெத்தையைப் போல் ஒட்டி உறைந்திருந்தது. பிறகு கீழே வந்து, பிளக்கைக் கழற்றி, கொக்கிகளை விடுவித்துக் கதவைத் திறந்து, வடிகட்டியை உருவி, ஒன்றும் பேசாமல் என் கையில் வைத்தார். கம்பளித் துண்டு போலிருந்தது; அழுக்கின் மேற்படை சாம்பல் நிறம், அடிப்படையோ வெள்ளை. அந்த வெள்ளை, நாங்கள் குடிபுகுமுன் சுவர்களைத் தேய்த்தபோது பறந்த சாந்துத் தூள்! நாங்கள் ஒரு நாளேனும் சுவாசிக்குமுன்பே அந்த யந்திரத்தின் மூச்சு அரைவாசி அடைபட்டிருந்தது. உற்சாக மிகுதியால், நடுவிலிருந்த மாற்றுப் பாகத்தையும் குழாயடியில் பிடித்துக் கழுவப் போனேன், அவர் தடுத்தார். எச்.ஆர்.வி.யின் பிளாஸ்டிக் அடுக்கைக் கழுவலாம். ஈரத்தைக் கடத்தும் அடுக்குகள் பலவற்றில் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும், கைந்நூல் அனுமதித்தாலன்றித் தூசியை உறிஞ்சி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றார். அரை மணியில் காரியம் முடிந்தது. இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை நானே செய்திருக்கக்கூடிய காரியம்.

வேறு கோளாறுகளும் இல்லாமலில்லை. உள்ளே வரும் காற்றின் பக்க வடிகட்டி மட்டும் அடைபட்டால், வரவும் செலவும் சமமின்றி, வீடு இடுக்குகளின் வழியே குளிரை இழுக்கும். கடுங்குளிரில், அடுக்கில் பனி படியாதிருக்கும் பொருட்டு, யந்திரம் தானாகவே வெளிக்காற்றைச் சிறிது நேரம் அடைத்து ஓசை மாறி ஓடுவதைப் பழுதென்று எண்ணித் தொழிலாளியை அழைப்போரும் உண்டு, பணம் தண்டம். நிறுத்த வேண்டிய சமயமும் இல்லாமலில்லை: 2023 ஜூனில் காட்டுத் தீயின் புகை ரொறன்ரோவைச் சூழ்ந்தபோது அதை நிறுத்தியவர்கள் செய்தது சரி, மறுபடி இயக்க மறந்தவர்கள் செய்ததுதான் பிழை.

குற்றம் யாருடையது? கைந்நூலை வாசித்திருக்க வேண்டியது வாங்கியவன் கடமை என்பார்கள். என் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபர்னஸ் நின்றால் ஒரு மணி நேரத்தில் உடம்பு சொல்லிவிடும். குழாய் வெடித்தால் தரை சொல்லிவிடும். இந்தப் பெட்டியோ விசிறி சுழன்றுகொண்டே காரியம் நின்றுபோகக்கூடியது, அதன் பழுதை யன்னலின் மேலும் சமையலின் மேலும் நாம் சுமத்திக்கொண்டிருப்போம். அத்தகைய யந்திரத்தை, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிட்ட ஒரு புத்தகத்தைப் பையிலிட்டு அதன் பக்கத்தில் தொங்கவிடுவதோடு ஒப்படைத்தாயிற்று என்று கொள்வது நியாயமாகாது. ஒன்ராறியோவில், சாவி கைக்கு வருமுன் வாங்குவோரும் விற்போரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. காற்றோட்டம் முதலியவற்றை இயக்கிக் காட்டுவதும் அதற்குரிய காரியமே. எங்களுக்குக் காட்டப்பட்டது சுவரிலிருந்த ஒரு பொத்தான். தரையோட்டிலிருந்த மயிரிழைக் கீறலுக்குப் படிவத்தில் மூன்று வரி எழுதினோம். நிலக்கீழ் அறையில் இரண்டு நிமிஷங்கூட நிற்கவில்லை.

ஆகையால், இவ்வருஷம் புதுவீடு வாங்கவிருப்போர், அந்தப் படிவத்தில் கைச்சாத்திடுமுன், கூட வருபவரை அழைத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். பகலில் வீட்டிலிருக்கப்போகும் அம்மாவோ அப்பாவோ இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பெட்டியின் கதவைத் திறந்து, வடிகட்டியை உருவி, உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். அதில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால், தரையோட்டின் கீறலுக்கு மேலே, முதல் வரியாக, அதை எழுதுங்கள்.